கடைசித் தொட்டியின் போர்வை

"ஒண்ணுகூட உயிரோட இருக்காது, பாரேன்" என்றபடி நெட்டி காபிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. ராத்திரி முழுக்க நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

செத்திருக்க வேண்டியவை பக்கத்து வீட்டு ரோவெனாவின் பூந்தொட்டிகள். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் உறைபனிக்குப் பயந்து, மே மாத மூன்று நாள் விடுமுறை கழியாமல் யாரும் செடியை வெளியே வைக்கமாட்டார்கள். போன வருஷம் கடலோர ஊரிலிருந்து குடிவந்த ரோவெனாவோ நாலு நாள் வெயில் அடித்ததும் பெட்டூனியா, ஜெரேனியம், தக்காளி என்று வாசற்படி நிறைய தொட்டிகளை அடுக்கிவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் உறைபனி விழும் என்று ரேடியோவில் சொன்னபோது, நெட்டி வேண்டுமென்றே அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

காரணம் இருந்தது. இன்று சாயங்காலம் தோட்டச் சங்கத் தலைவி தேர்தல். எத்தனையோ வருஷமாக நெட்டி உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ரோவெனா போட்டி போடுகிறாள். "வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகுது, அதுக்குள்ள அவளுக்கு என் நாற்காலி கேக்குதா?" என்று ஊரெல்லாம் சொல்லிப் பொருமித் தீர்த்திருந்தாள் நெட்டி. கருகின செடிகளை நாலு பேர் பார்த்தால் போதும், ஓட்டு மொத்தமும் தனக்குத்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"பாவம், புதுசா வந்தவ. விடேன் நெட்டி" என்றான் அவள் கணவன் ஓரஸ்ட், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீ சும்மா இரு. குளிர்காலம் பூரா ஏரிக்கு மீன் பிடிக்கப் போனியே, வீட்டுக்கு ஒரு மீனாவது வந்துச்சா? எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட."

ஓரஸ்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில் மும்முரமானான்.

நெட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்க, ரோவெனாவின் தொட்டிகள் மட்டும் பழைய போர்வைகளுக்குள் பத்திரமாக இருந்தன. ரோவெனா போர்வைகளை ஒவ்வொன்றாக உருவ உருவ, உள்ளே செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசித் தொட்டிக்கு ரோவெனா வந்தபோதுதான் நெட்டி அதைப் பார்த்தாள். அந்தப் போர்வையின் ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல். காபியை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினாள்.

"ஏய், அந்தப் போர்வை உனக்கு ஏது?"

ரோவெனா நிமிர்ந்தாள். "பழசுதானே. பனிக்குப் பழசைத்தானே போடுவாங்க?"

"பழசா? அது என் கையால போட்ட தையல். பெர்னிஸ், நீ இங்க வா."

எதிர்வீட்டில் ஸ்ட்ராபெரிப் பாத்தியின் மூடுதுணிகளை எடுத்துக்கொண்டிருந்த பெர்னிஸ் வந்தாள். சங்கத்துக்குச் செயலாளர் அவள்தான். பின்னாலேயே தெருவில் இன்னும் நாலைந்து பேர் வந்து கூடினார்கள். நெட்டிக்கு அது நல்லதாகவே பட்டது.

"இந்த மூலையைப் பாரு, இஸ்திரிப் பெட்டி சுட்ட கறை. எங்க ஏரிக்கரை வீட்டுக் கட்டில்ல கிடந்த போர்வை இது. என்னுதா இல்லையா, நீயே சொல்லு."

பெர்னிஸ் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன் தையல்தான். சந்தேகமே இல்ல."

நெட்டிக்குக் குளிரே உறைக்கவில்லை. செடி பிழைத்தால் பிழைத்துவிட்டுப் போகட்டும், ஆளே வசமாக மாட்டிக்கொண்டாளே. திருடியைத் தலைவியாக்க இந்த ஊர் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

"சும்மா கிடந்ததைத் தூக்கிட்டு வந்துட்ட, அப்படித்தானே?"

"எடுத்துட்டு வந்தது நான்தான்" என்றாள் ரோவெனா. "துவைச்சுத் திருப்பி வைக்கலாம்னு நினைச்சேன்."

"கேட்டீங்களா எல்லாரும், அவ வாயாலேயே சொல்லிட்டா. அந்த வீட்டை இலையுதிர்காலத்துல என் கையால பூட்டினேன். அப்புறம் நான் அந்தப் பக்கமே போகல. சாவி ஒண்ணே ஒண்ணுதான், அது ஓரஸ்ட் இடுப்புல தொங்குது. அப்ப எப்படி உள்ள போன? பூட்டை உடைச்சுத்தானே?"

பெர்னிஸ் எதற்கோ போர்வையை மெல்ல வேலிமேல் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"ஓரஸ்ட், போலீஸுக்குப் போன் போடு" என்று கத்தினாள் நெட்டி. வெண்ணெய்க் கத்தியும் கையுமாக வாசலில் நின்றவன் அசையவில்லை.

"இதோட விட்டுடுங்க நெட்டி" என்றாள் ரோவெனா. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என்னடி பயமுறுத்தற? இத்தனை பேர் முன்னால சொல்லு. பூட்டை உடைச்சியா இல்லையா?"

ரோவெனா போர்வையை எடுத்து நாலாக மடித்து, நெட்டியின் கையிலேயே கொடுத்தாள்.

"நான் ஏன் பூட்டை உடைக்கணும்? சனிக்கிழமையானா நான் போய்ச் சேர்றதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் அடுப்பை மூட்டி, வீட்டைக் கதகதப்பா வெச்சிருப்பாரே."