கடைசி வரி மட்டும்

"நடிக்காதேடா! உன் ஸ்கேன் ரிப்போர்ட்டை என் கையால டைப் அடிச்சவ நான். என்கிட்டயே கதை விடுறியா?"

ஆஸ்பத்திரிப் படியில் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடது கால் செருப்பு இரண்டு படி கீழே கிடந்தது. கழன்றதே அவனுக்குத் தெரியவில்லை.

"கால் மரத்துப் போகுதுக்கா. சத்தியமா."

"எட்டு மாசமா இதே பாட்டு! டாக்டர் வாயால கேட்டாத்தான் உனக்குப் புத்தி வரும், வா."

ஸ்கேன் சென்டரில் அக்காவின் விரல் வேகத்துக்கு ஈடு கிடையாது. பழைய ரிப்போர்ட் ஒன்றைத் திறப்பாள், பேரையும் வயதையும் மாற்றுவாள், டாக்டர் சொன்னதை நடுவில் சேர்ப்பாள். மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பத்து ரிப்போர்ட் தயார். டாக்டரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

தம்பியின் முதுகு ஸ்கேனில் கடைசி வரி, 'எல்லாம் நார்மல்.' அதை அவள் வீடு முழுக்க வாசித்துக் காட்டினாள். தம்பிக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையும் போனது. புருஷன் சோம்பேறி என்று நாத்தனார் சொன்னதை நம்பி, தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பாவம், அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

நரம்பு டாக்டர் தம்பியின் பாதத்தில் ஊசியால் குத்தினார். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குத்தினா சொல்லுப்பா."

"குத்துங்க சார்."

அக்கா குனிந்து, ஊசி குத்திய இடத்தில் துளிர்த்த ரத்தத்தைப் பார்த்தாள்.

டாக்டர் கவரிலிருந்த பழைய ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டினார். "எட்டு மாசத்துக்கு முன்னாடியே முதுகெலும்புல ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கியிருக்கு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணியாகணும். ஆனா போன உணர்ச்சி திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைன்னு..." தம்பி அக்காவைப் பார்த்தான்.

டாக்டர் கவருக்குள்ளிருந்து ரிப்போர்ட்டை உருவினார். இரண்டு பக்கத்தையும் வரி வரியாகப் படித்த முதல் ஆள் அவர்தான். பாதியில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி படித்தார்.

"ஏம்மா, உங்க தம்பிக்குக் கர்ப்பப்பை நல்லா இருக்குன்னு போட்டிருக்கே?"