நம்ம பக்கம்

எழுந்து நிற்கவும் என்று திரையில் எழுத்து வந்ததுதான் தாமதம், அவன் எழுந்துவிட்டான். தேசிய கீதம் இன்னும் தொடங்கவில்லை.

மகள் நஸ்ரினையும் கையைப் பிடித்து எழுப்பினான்.

எப்போதும் அவன்தான் முதல் ஆள். கடைசியில் எழுகிறவனை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் பேர் சிக்கந்தர் என்று தெரிந்தால் நாற்பது பேர் பார்ப்பார்கள். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

பக்கத்து இருக்கைக்காரன் பார்த்தான்.

பாட்டு முடிந்து உட்கார்ந்த பிறகும் பார்த்தான். தடித்த ஆள். மடியில் பாப்கார்ன். வாய் மென்றுகொண்டிருந்தது, கண் மட்டும் இந்தப் பக்கம்.

என்னத்துக்குப் பார்க்கிறான்? தாடியைக்கூட எடுத்தாயிற்றே!

பதினோரு வருஷமாக அவன் துணை நடிகன். பதினோரு வருஷமும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். குண்டு வைப்பான், கத்துவான், சாவான். வசனம் கிடையாது.

"உன் மூஞ்சிக்கு அதான்யா எடுப்பா இருக்கு" என்பார் ஏஜென்ட் தணிகாசலம்.

நல்ல மனுஷர்தான். மூஞ்சியை மட்டும்தான் சொல்கிறாரா என்பதில்தான் அவனுக்குச் சந்தேகம்.

போன படத்தை நஸ்ரினின் வகுப்பில் யாரோ பார்த்துத் தொலைத்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அவளை நடுவில் நிறுத்தி, சுற்றி நின்று விரலை நீட்டிச் சுட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் சோறு வேண்டாம் என்றாள். அவள் அம்மாதான் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

அன்றைக்கு அவனுக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாளே தணிகாசலத்தின் காலில் விழாத குறை. இந்தப் படத்தில் நம்ம ராணுவம் கிடைத்தது. பச்சைச் சட்டை, தோளில் கொடி. கதாநாயகனுக்குப் பின்னால் மூன்று நாள் மலையேறி ஓடினான்.

"எங்க அத்தா நம்ம ஆர்மி. வந்து பாருங்க" என்று நஸ்ரின் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். நாளைக்குப் போய் அவள் பதில் சொல்ல வேண்டும்.

"இப்பவா அத்தா?"

"இல்லம்மா."

"இப்பவா?"

"இந்தா, இப்ப பாரு."

கதாநாயகனின் தோள் வந்தது. தோளுக்குப் பின்னால் ஒரு தொப்பியின் விளிம்பு வந்தது.

போய்விட்டது.

மூன்று நாள் ஓட்டம், அவ்வளவுதான்!

"எங்கத்தா?" என்றாள்.

"இன்னும் இருக்கு" என்றான்.

இருந்தது. அது அவள் கண்ணில் படாமல் போனால் தேவலை.

நாலாம் நாள் மதியம் எதிரிக்கு ஆள் பற்றவில்லை. "சட்டைய மாத்திக்கிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்கப்பா. வெறும் புகைதான். மூஞ்சி தெரியாது" என்றான் உதவி இயக்குநர். மாட்டேன் என்றால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். மாற்றிக்கொண்டான். வீட்டில் மூச்சு விடவில்லை.

திரையில் புகை எழுந்தது.

புகைக்குள் எட்டுப் பத்துப் பேர் ஓடிவந்தார்கள். கதாநாயகன் சுட்டான். ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். ஆறாவது ஆள் சரிந்த விதம் மட்டும் வேறு. இடது முழங்கால் முதலில் மடங்கியது. கை எதையோ பிடிக்கப் போனது. குப்புற விழுந்த பிறகு வலது கால் ஒருமுறை உதறியது.

அந்த உதறல் அவனுடையது. வேறு யாருக்கும் வராது. வீட்டில் நஸ்ரின் விரலை நீட்டி "டுமீல்" என்பாள். அவன் பாயில் விழுந்து காலை உதறுவான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரிக்கும்வரை விழுந்து பழகிய காட்சி அது.

மூஞ்சி தெரியாது என்றார்கள். தொழில் சுத்தமாக இருக்கட்டும் என்று இவனும் ஒழுங்காகத்தான் செத்தான். சனியன், ஏனோதானோ என்று விழுந்திருக்கக் கூடாதா?

"அத்தா! எங்க அத்தா!"

நஸ்ரின் துள்ளி எழுந்து கைதட்டினாள். அரங்கமே கைதட்டியது. விசில் பறந்தது. எதிரி செத்ததற்கு அத்தனை பேரும் தட்டினார்கள். அவள் மட்டும் அத்தாவுக்குத் தட்டினாள்.

பக்கத்து இருக்கைக்காரன் முழுசாகத் திரும்பினான். முன்வரிசையிலும் இரண்டு தலைகள் திரும்பின.

"அதானே பாத்தேன்! எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு அப்பலேர்ந்து மண்டைய ஒடைச்சிக்கிறேன். படத்துல இருக்கீங்களா சார்? எந்தப் பக்கம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பாப்கார்னைக்கூட நீட்டினான். நல்லவனாகவும் இருக்கலாம். ஆனாலும் சிக்கந்தர் மகளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

நஸ்ரின் அந்த ஆளைப் பார்த்தாள். திரும்பிய தலைகளைப் பார்த்தாள். அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். தட்டிய கைகள் மெல்ல மடிக்கு இறங்கின.

"நம்ம பக்கம் அங்கிள்" என்றாள்.

"சூப்பர் பாப்பா!" என்றான் அந்த ஆள்.

பாப்கார்னை அவள் எடுக்கவில்லை.

திரையில் மலையுச்சியில் கொடி ஏறியது. தேசிய கீதத்தின் மெட்டு லேசாக எழுந்தது. படத்துக்குள் வரும் கீதத்துக்கு யாரும் எழ வேண்டியதில்லை. யாரும் எழவுமில்லை.

அவனும் உட்கார்ந்துதான் இருந்தான்.

நஸ்ரின் எழுந்து நின்றாள். விறைப்பாக, கைகளைத் தொடையோடு ஒட்டி. பிறகு குனிந்து அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரிங்கத்தா. பாக்குறாங்க."