பன்னிரண்டில் ஒருவர்

"மேடம், என் ஒருத்தனால அந்தப் பொண்ணு படிப்பு கெட்டுடக் கூடாதுன்னுதான் அவ்வளவு மாத்திரையையும் முழுங்கினேன். இப்ப நீங்க பணத்தை நிறுத்திட்டீங்கன்னா நான் முழுங்கினதுக்கு என்ன அர்த்தம்?"

வாசலிலேயே நின்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார் பைண்டர். கல்லூரியின் ஆராய்ச்சி நிதி அதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"முதல்ல உள்ள வந்து உட்காருங்க. எந்தப் பொண்ணு?"

"நர்சிங் படிக்குதே, காசநோய் ஆராய்ச்சி பண்ற பொண்ணு. நான் எதிர்ல பைண்டிங் கடை வச்சிருக்கேன்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். இருபது வருஷமாக இந்தக் கல்லூரியின் ஆராய்ச்சிப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டவர் அவர்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போனாலும் மொத்தப் புத்தகமும் திரும்பி வந்துவிடும் என்பது மட்டும் அவருக்கு மனப்பாடம்.

"எனக்கு டி.பி. இருந்துச்சு மேடம்." குரல் தானாக இறங்கியது. "இப்ப இல்ல. போன வாரம் சளியை டெஸ்ட் பண்ணிட்டு, ஒண்ணுமில்ல, குணமாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம்."

"ஆரம்பத்துல ஒன்றரை மாசத்துலயே இருமல் நின்னுடுச்சு. மாத்திரை போட்டா வயித்தைப் புரட்டுது. சரி, போதும்னு மூலையில தூக்கிப் போட்டுட்டேன். டாக்டர் திட்டினார், சரி சார்னேன். வீட்டுக்காரி அழுதா, சரிம்மான்னேன். ஆனா சாப்பிடல."

சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அப்புறம்?"

"ஜூலை பத்தாம் தேதி அந்தப் பொண்ணு ஒரு நோட்டோட கடைக்கு வந்துச்சு. 'அண்ணே, மாத்திரையைப் பாதியில விட்டவங்க பன்னிரண்டு பேரை வச்சுத்தான் என் ஆராய்ச்சி. காலேஜ்ல பணம் குடுத்திருக்காங்க. ஒருத்தர் விட்டாலும் நிறுத்திடுவாங்க. அப்புறம் என் கதை கந்தல்தான்'னு சொல்லுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு மேடம். ஒரு பக்கம் காணாம போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு எடுத்தவன்தான், ஒரு நாள் தவறல."

"ஒரு நாள்கூடவா?"

"விட்டாத்தானே! தினம் நாலு மணிக்கு டாண்ணு வந்து நிக்கும். கடையில ஆள் இருந்தா அட்டைக்கு நிறம் பார்க்கிற மாதிரி பாவ்லா பண்ணும். நான் அந்தப் பக்கம் திரும்பி வாயில போட்டுக்குவேன். நோட்டுல ஒரு டிக் அடிச்சுட்டுப் போயிடும். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன் தலையில அடிச்சுக்கிட்டான். 'அஞ்சு மாசமா ஒரு அட்டைக்கு நிறம் பிடிக்கலையா? இதுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவங்க பாடு திண்டாட்டம்தான்'னு!"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பைண்டருக்குத் தெம்பு வந்தது. பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். கருஞ்சிவப்பு ரெக்சின் அட்டை. ஓரங்களில் தங்கக் கோடு. தலைப்புக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"கடைசியில நிறத்தை நானே முடிவு பண்ணிட்டேன். அந்தப் பொண்ணோட புத்தகத்துக்கு என் செலவுல போடறது. நேத்து முகம் வாடி இருந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன். 'இந்த வாரம் பணம் முடிவாகுதுண்ணே, கிடைக்குமான்னு தெரியல'ன்னு சொல்லுச்சு. எனக்கு ராத்திரி சோறு இறங்கல. பன்னிரண்டுல ஒருத்தன் நான் சொல்றேன் மேடம், என் பக்கத்துல ஒரு குறையும் இல்ல. ரெண்டாம் வருஷப் பணத்தையும் குடுத்துடுங்க."

"குடுத்தாச்சு. இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன்."

பைண்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "நல்லா இருப்பீங்க மேடம்!" என்று எழுந்து கும்பிட்டார். இந்த வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக அவர் மூச்சு விட்டதேயில்லை. அதுவும் இருமாமல்.

"ஆனா ஒண்ணு," என்றார் அதிகாரி. "ரெண்டாம் வருஷம்னு சொல்றீங்களே, அதுதான் தப்பு. அந்தப் பொண்ணுக்கு நாங்க பணம் குடுக்கிறது இதுதான் முதல் தடவை."

"அது எப்படி? அப்ப ஜூலையில குடுத்தது?"

அதிகாரி ஒரு கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். பைண்டர் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் ஆராய்ச்சித் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'தங்கள் ஆய்வுக்கு நிதி ஒதுக்க இயலாது.' மேலே தேதி, ஜூலை ஒன்பது. அந்தப் பெண் நோட்டோடு கடைக்கு வந்ததற்கு முந்தின நாள்.

இன்னொரு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணை இத்தனை நாளும் தான் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக அல்லவா நினைத்திருந்தார்!

"மேடம், ஒரே ஒரு உதவி," என்றார் அட்டையைத் தடவிக்கொண்டே. "இது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அதுகிட்டச் சொல்லிடாதீங்க. பாவம், சங்கடப்படும்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்," என்றார் அதிகாரி. "காலையிலிருந்து வந்துட்டுப் போன மத்த பதினொரு பேருக்கும் இதே சத்தியத்தைத்தான் பண்ணிக் குடுத்திருக்கேன்."