சாமிக்கு விசிறுதல்

"இந்தப் புகைபோக்கி மூச்சு விட்டுக்கிட்டே இருக்கே, எப்பம்மா உள்ள இழுக்கும்?" என்று ஒருமுறை மகள் கேட்டபோது, "அது விடுறத இழுக்கத்தான் நாம இருக்கோமே" என்றாள் தவமணி. அனல்மின் நிலையத்தில் புகையை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பூமி சூடாகிறது என்று அரசு சட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு ஆலையும் தன் புகையின் அளவை வாசல் பலகையில் காட்ட வேண்டும். அதிகாரி சோதிக்கும்போது வரம்பு மீறியிருந்தால் கொதிகலனை நிறுத்த வேண்டும். அதனால் அதிகாரி வரும் நாளில் கருவிக்குள் குழாயைச் செருகி நல்ல காற்றை ஊதுவார்கள். பலகையில் எண் பச்சையாகிவிடும். ஆலையில் அந்தக் கருவியைச் சாமி என்பார்கள்; சாமிக்கு விசிறுவது என்று இதற்குப் பெயர்.

"தவமணி, ஜீப் வந்தாச்சு. போய் சாமிக்கு விசிறு" என்றார் மேற்பார்வையாளர் தாமோதரன்.

"சாமிக்கு வேர்க்கல சார்."

"விளையாடாத. வேலை போயிடும்."

"போகட்டும் சார். பொய் சொல்ற சாமிய நான் கும்பிடுறதில்ல."

குழாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பலகை சிவந்தது. மதியத்துக்குள் கொதிகலன் நின்றது. அவளையும் வெளியே அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு ஹசீனா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தவமணியின் மகள் மூச்சுத் திணறிய நாளில், தன் பிள்ளைக்கு வைத்திருந்த மருந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள் அவள். துணியை எப்போதும் ஆலைச் சாம்பல் போக உதறி உதறித்தான் மடிப்பாள். இன்று ஒரு சட்டையை உதறினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மற்றவற்றை உதறாமலே மடித்தாள்.

"என்ன தவமணி, சீக்கிரம் வந்துட்ட?"

"சும்மாதான் அக்கா" என்று சொல்லிவிட்டு, தவமணி உள்ளே போனாள்.