சிவப்புப் புள்ளி நின்ற இடம்

“இந்த ஆராய்ச்சியே வேணாம், விட்டுடும்மா” என்றார் அப்பா.

“ஏன், இப்பவும் பயமா?”

சுருக்கென்றது அவருக்கு.

மகள் வரலாற்றில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். ஊரையே அழித்த பழைய வெள்ளம்தான் தலைப்பு. மில்லில் சிக்கிக்கொண்ட எட்டுப் பேரை ஏற்றி வர அன்று காலி பஸ்ஸோடு அனுப்பப்பட்டவர் அப்பா. “தண்ணியைப் பார்த்ததும் பயந்து பாதியிலேயே திரும்பிட்டேன்” என்று விசாரணையில் அவரே சொன்னார்.

எட்டுப் பேரும் செத்துப் போயிருந்தார்கள். வேலை போனது. ‘பயந்தாங்கொள்ளி டிரைவர்’ என்ற பெயர் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் மகள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

லேப்டாப்பை அவர் முன்னால் திருப்பினாள்.

“நீங்க பயந்து திரும்பலைப்பா. பொய் சொல்லியிருக்கீங்க.”

திரையில் ஊரின் வரைபடம். அதன் அடியில் நேரக்கோடு. தீயணைப்பு நிலையத்துக்கு வந்த போன்கள், பழைய போட்டோக்கள், செக்போஸ்ட் பதிவுகள் எல்லாவற்றையும் இடமும் நேரமும் பார்த்துப் பொருத்தியிருந்தாள். நேரக்கோட்டை நகர்த்த நகர்த்த, வெள்ளத்தின் நீலம் தெருத் தெருவாகப் பரவியது. நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. அப்பாவின் பஸ்.

“இந்த போட்டோவைப் பாருங்க. மில்லைத்தான் எடுத்திருக்காங்க. ஓரத்துல, பாதி தண்ணியில நிக்கிறது உங்க பஸ். கடைசி வரைக்கும் போயிருக்கீங்க! அதுக்குள்ள மில் மூழ்கிடுச்சு. எதுக்குப்பா இவ்வளவு வருஷம் இந்தப் பழி? நாளைக்கே எங்க கைடுகிட்ட காட்டப் போறேன்.”

“வேணாம்மா.”

“ஒரே ஒரு இடம்தான் இடிக்குது. டிப்போவுலேர்ந்து சரியாத்தான் கிளம்பியிருக்கீங்க. ஆனா ஆத்துப் பாலத்து செக்போஸ்ட்ல உங்க பஸ் நம்பர் இருக்கு. அது மில்லுக்குப் போற வழியே இல்லையே? அந்த அரை மணி நேரம் எங்க போனீங்க?”

அப்பா திரையில் பாலத்துக்கு அப்பால் இருந்த ஒரு கட்டடத்தை விரலால் தொட்டார்.

பிரசவ ஆஸ்பத்திரி.

“உங்கம்மாவுக்கு வலி கண்டுடுச்சு. ரோட்டுல வேற வண்டியே இல்ல. இறக்கி விட்டுட்டு மில்லுக்கு ஓடிடலாம்னுதான் நினைச்சேன். திரும்பும்போது பாலத்துல மாட்டிக்கிட்டேன்.”

வெள்ளம் வந்த அன்றுதான் அவள் பிறந்தாள்.

“பயந்தேன்னு சொன்னேன். என்னை மட்டும் காறித் துப்பினாங்க. லேட்டா போனேன்னு சொல்லியிருந்தா, ஏன் லேட்டுன்னு கேட்டிருப்பாங்க இல்ல? எட்டுப் பேரை முழுங்கிட்டுப் பிறந்தவள்னு, காலம் பூரா உன்னையில்லம்மா சொல்லியிருப்பாங்க?”