கழற்றிய நம்பர் பிளேட்

ஒரு வீட்டு வாசலில் கிழ மொபெட்டும் ஒரு ஸ்கூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மொபெட்டுக்கு மதுரை நம்பர், ஸ்கூட்டருக்குக் கர்நாடகாவின் குடகு நம்பர். எப்போதோ ஒரு கர்நாடகா நம்பர் கார் தன்னை முட்டிவிட்டு நிற்காமல் போனதால், மொபெட் இரண்டு வருஷமாக ஸ்கூட்டரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

அன்று மெக்கானிக் வந்து குடகு பிளேட்டைக் கழற்றி, மதுரை பிளேட்டை மாட்டிவிட்டுப் போனார். ஸ்கூட்டர் விசும்பியது.

"எதுக்கு அழுவுற? இனி நீயும் எங்க ஊருதானே?"

"சிக்னல்ல நின்னா, பிளேட்டைப் பாத்துட்டு எந்த ஊருன்னு நாலு பேரு கேப்பாங்கண்ணே. இனிமே யாரு கேப்பா?"

மொபெட் ஹேண்டிலை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டது:

"ஏத்தா, உனக்கு எந்த ஊரு?"

ஸ்கூட்டர் தன் ஊரான மடிகேரியின் மழையிலிருந்து ஆரம்பித்தது.