நீல அன்னம்

"ஏங்க, மோசம் போயிட்டோம்! நம்ம அன்ன வாகனம் பதுளை டவுன்ல ஸ்கூல் பேக் மேல நிக்குதுங்க!"

கலாராணி ஓடி வந்த வேகத்தில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மணி தானாகவே ஒருமுறை ஆடி நின்றது. வாகனத்தின் கண்ணுக்குக் கடைசிக் கறுப்பு தீட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் சுரேஸ், பிரஷ்ஷோடு திரும்பினான்.

"என்னடி உளர்றே?"

"பேக் கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேன். ஊரூரா நடந்து போன்ல பூதம் பிடிக்கிற கேமாம். அதுல வர்ற பென்குயின் பூதமாம் இது. பேரு பிங்கிலோவாம்!"

"அடிப்பாவி! அன்னம் படம் வாங்கிட்டு வான்னுதானே உன்னைய அனுப்பினேன்?"

"நான் என்ன செய்ய? அன்னம்னு தேடினா போன்ல சோறு சோறா வந்துச்சு. கொமினிகேசன் கடை நஸ்மியாதான், 'அக்கா, கிரீடம் வச்ச பறவை ஒண்ணு எங்கிட்ட இருக்கு, அழகா இருக்கும்'னு பிரிண்ட் போட்டுக் குடுத்தா. நீங்களும்தான் 'அன்னம்னா இதுதான்டி அன்னம்'னு கன்னத்துல போட்டுக்கிட்டீங்க!"

சுரேஸ் வாகனத்தை நிமிர்ந்து பார்த்தான். அன்னத்தை யார் கண்டார்கள்? அவன் செய்ததோ ஆறடி உயரத்தில் நிமிர்ந்து நின்றது. துடுப்பு மாதிரி இரண்டு சிறகு. பால் போல வயிறு. தலையில் மூன்று கிளை பிரிந்த பொன் கிரீடம். மீதி உடம்பெல்லாம் நீலம். அந்த நீலத்தைப் பார்த்துத்தான் காலையிலிருந்தே வானம் வெட்கப்பட்டு மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது.

இன்று பின்னேரம் அம்மன் இதில் ஏறி வீதி உலா போக வேண்டும். அதற்கு முன் செல்வரத்தினம் ஐயா வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வாகனத்துக்கு மரம் உபயம் செய்தவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு முற்றுப்புள்ளிகூடக் கச்சேரியை விட்டு வெளியேறியதில்லை என்பார்கள். அவர் தலையாட்டினால் அடுத்த வருடத் தேர் வேலை சுரேஸுக்கு. முகம் சுளித்தால் தேர் மொனராகலை ஆசாரிக்கு. சுரேஸுக்கு ஆயுள் முழுக்கத் தோட்டத்து லயத்து வீடுகளின் கதவும் ஜன்னலும்தான்.

"ஒரு துணிய எடுத்து மூடுடி!" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஐயாவின் த்ரீவீலர் வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே கொழுந்து பறித்த கையோடு பாதித் தோட்டமும் வந்து சேர்ந்தது.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். நடந்த கால் அப்படியே நின்றது.

"தம்பி... இது நீரோ செய்தனீர்?"

"ஆமாங்க ஐயா." சுரேஸ் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கிரீடம் மூண்டு கிளை. சரி. நெஞ்சிலை வட்டம் எத்தினை?"

"மூ... மூணுங்க."

"மூண்டுதான்! ரண்டெண்டால் அது இளசு. சிறகு ஓரத்திலை பொன் கோடு ஓடவேணுமே... ஓ, ஓடுது!"

"கேட்டியாடி? ஆகமத்தைக் கரைச்சுக் குடிச்சவரு!" என்று கொழுந்துக்காரி பெரியாயி பக்கத்தில் நின்றவளை இடித்தாள். "நீல அன்னம்! எங்க அப்பன் பாட்டன் கண்டதுண்டா?"

"வாயப் பொத்துக்கா, அவரு கண்ணப் பாரு!"

ஐயாவின் கண்ணில் நீர் தளும்பியது. கைகள் தாமாகவே கூப்பின.

"தம்பி, இது முழு வடிவம். இதைக் கண்டவை இலங்கையிலை எத்தினை பேர் சொல்லும்? மூண்டு வருசமா நான் தேடுறன். கதிர்காமம் போனன். நயினாதீவு போனன். விடியப்பறம் எழும்பி மைல் கணக்கா நடந்தன். ஒருக்கா தெமோதரைப் பாலத்திலை கண் முன்னாலை நிண்டவர். கையை நீட்டினன், மறைஞ்சிட்டார்!"

கூட்டம் மொத்தமும் இழுத்த மூச்சில் கோயில் விளக்குகள் அணைந்து எரிந்தன. நாலைந்து பெண்கள் அங்கேயே விழுந்து கும்பிட்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். கலாராணி கணவனைப் பார்த்தாள். பெருமைப்படுவதா, அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாகனத்தை எடுங்கோ!" என்றார் ஐயா கம்பீரமாக. "இந்தக் கை வேறை வேலைக்குப் போகக்கூடாது. வாற வருசத் தேரும் சுரேஸ்தான் செய்யவேணும்!"

"அரோகரா!" என்று தோட்டம் எழுப்பிய சத்தத்தில் தெமோதரையில் ரயில் அரை நிமிடம் தயங்கி நின்றதாகக் கேள்வி.

அந்த ஆரவாரத்துக்குள் ஐயா சுரேஸின் கையைப் பிடித்து வாகனத்தின் பின்பக்கம் இழுத்துப் போனார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினார்.

"தம்பி, என்ரை மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். என்ரை பிங்கிலோ இன்னும் ரண்டாம் நிலையிலையே நிக்குது. நீர் இவரை எங்கை வச்சுப் பிடிச்சனீர்?"